மேலே ஆரு?

அருளாயி அம்மாவின் குடிலில் சீடராகச் சேர்ந்தபோது நஞ்சுண்டன் அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். டவுன் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். அதனால் அம்மா முதல் நாளிலிருந்தே அவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிட்டார். அவர் அம்மாவை "தாயே" என்றார். புதிதாக வருகிறவர்கள் இதில் யார் குரு, யார் சீடர் என்று கொஞ்ச நேரம் திகைத்து நிற்பார்கள். அம்மா திருத்த மாட்டார். பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

வந்த அன்று அவர் சொன்ன முதல் வாக்கியம் இது.

"எல்லா கனெக்ஷனையும் அறுத்துட்டு வந்திருக்கேன், தாயே."

அந்தச் சொல் அம்மாவுக்குப் பிடித்துப் போயிற்று. எதையெல்லாம் அறுத்தார் என்று கேட்டார். வாத்தியார் சொன்னார். வீட்டு கரண்ட் கனெக்ஷன், கேஸ் கனெக்ஷன், போன் கனெக்ஷன், சொந்தபந்தம், கூட்டாளிகள், எல்லாம் போச்சு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஒரு நாள் வகுப்பில் அதன் அர்த்தங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனாராம். பலகை நிறைந்துவிட்டது. ஒரு மனுஷன்மேல் இத்தனை பிணைப்பா என்று மூச்சு முட்டியது, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது ஒரு விளையாட்டு.

"தொட்டிக்கும் பைப்புக்கும் நடுவுல?"

"கனெக்ஷன்தான், தாயே."

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் ரயிலைப் பிடிக்கிறோமே?"

"அதுவும் கனெக்ஷன்."

"ஆபீஸ்ல ஒருத்தரைத் தெரியும், போனா வேலை முடிஞ்சிரும்னு சொல்றாங்களே?"

"அதையும் அப்படித்தான் சொல்வாங்க."

"அண்ணன் தங்கச்சி?"

வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். "அதுவும் அதேதான்."

"பாவம், ஒத்தைச் சொல்லு. எவ்வளவு சுமக்குது" என்றார் அம்மா.

இன்னொன்றையும் அம்மா கவனித்திருந்தார். எல்லாவற்றையும் அறுத்துவிட்டு வந்த மனுஷன் காசிக்குப் போகவில்லை. தான் பிறந்த மலையின் காலடியில் இருந்த குடிலுக்குத்தான் வந்திருக்கிறார். மேலே ஏறினால் அரை நாள் நடையில் அவருடைய ஊர். அங்கே அவருக்கு ஒரே ஒரு தங்கை, மசணி. அவள் புருஷன் ஜடையன், பாறையில் இறங்கித் தேன் எடுக்கிறவன்.

அவர் குடிலுக்கு வந்து இரண்டு தேன் பருவம் போய்விட்டது. மூன்றாவது தொடங்கும் நேரத்தில் வாத்தியார் தீட்சை கேட்டார். காவிக்கல்லைக் கரைத்து, தானே துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, மடித்து வைத்திருந்தார். கூடவே ஒரு கேள்வியும் வைத்திருந்தார்.

"எல்லாம் அறுத்தாச்சு. ஆனா ஏதோ ஒண்ணு மிச்சம் இருக்கு, தாயே. உக்காந்து கண்ணை மூடினா இந்த வலது உள்ளங்கை அரிக்குது. எந்தக் கனெக்ஷனை இன்னும் அறுக்கணும்னு தெரியலை."

அம்மா அந்த உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜோசியம் பார்க்கிறவர் போல உம் கொட்டினார். பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மசணி மலையிறங்கி வந்தாள்.

அண்ணன் வாசலில்தான் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி நேரே அம்மாவிடம் போனாள்.

"அண்ணன்கிட்டக் கேக்க வரலீங்க" என்றாள். "அவருக்குத்தான் ஆருமில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நாளைக்கு எங்க ஊட்டுக்காரர் பாறையில இறங்கறார். நீங்க வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனாத் தேவலைங்க."

கயிறு யார் காக்கிறார்கள் என்று அம்மா கேட்டார்.

"ஆரும் இல்லீங்க."

அந்த ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். தேன் எடுக்கிறவன் பாறையில் இறங்கும்போது மேலே காட்டுக்கொடியில் பின்னிய ஏணியைக் காக்கிற உரிமை ஒரே ஒருத்தனுக்குத்தான். அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனுக்கு. தம்பி ஆகாது, பங்காளி ஆகாது, பெற்ற மகன்கூட ஆகாது. இறங்கினவனின் சொந்தத் தம்பி காத்த கயிறு அறுந்தால், காட்டில் செத்தவன் பங்கு இனி யாருக்கு என்று ஊர் பேசும். மச்சான் காத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தன் தங்கையைத் தாலியறுக்க வைக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான்?

நஞ்சுண்டன் கல்லூரியில் இருந்த காலம் முழுக்க, பருவம் தவறாமல் லீவு போட்டுவிட்டு மேலே போய் அந்த வேலையைச் செய்தவர். கடைசியாகக் காத்த பருவத்தில் அவர் கைக்குள் கொடி ஒரு சாண் வழுக்கியது. ஜடையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேனோடு சிரித்துக்கொண்டே ஏறி வந்தான். வாத்தியாருக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் போனது. அதே வருஷம் அவரைப் பெற்றவளும் செத்துப்போனாள். இன்னொரு சாவைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இனி எனக்கு யாருமில்லை, யாருக்கும் நான் இல்லை என்று மட்டும் ஊர் நடுவில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அதைத் துறவு என்று அவரே நம்பினார்.

ஊரார் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மசணிக்கு இனி அண்ணன் இல்லை. அப்படியானால் ஜடையனுக்கு மச்சான் இல்லை. இரண்டு பருவம் அவன் இறங்கவில்லை. மூன்றாவது பருவமும் கை வைக்காவிட்டால் பாறை பக்கத்து ஊருக்குப் போய்விடும், அதுதான் மலையின் சட்டம். ஒரே ஒரு தேனடையாவது வெட்டிக்கொண்டு வந்தால் பாறை அவனுடையது. ஒத்தையாகவே இறங்குகிறேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

மசணி போன பிறகு அம்மா துள்ளி எழுந்தார்.

"தேன் தின்னு எத்தனை காலமாச்சு. கிளம்புங்க, வாத்தியாரே. என் பையைத் தூக்கிக்குங்க."

"தீட்சை, தாயே?"

"அந்தத் துணியையும் பையில போட்டுக்குங்க. மேலே வச்சே குடுத்தாலும் குடுத்துருவேன்."

வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே ஏறினார். தேனீ கொட்டினால் என்ன தடவுவார்கள், அடை எவ்வளவு பெரிதாக இருக்கும், மெழுகோடு தின்னலாமா என்று கேட்டபடியே வந்தார். வாத்தியார் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் வெயில் பாறையை விட்டு நகர்ந்த பொழுதில் ஊரே உச்சியில் கூடியிருந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு நாவல் மரம். அதன் அடியில் கட்டிய கொடி ஏணி பாறை விளிம்பில் மடிந்து கீழே இறங்கியது. மரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு தட்டைக் கல். அதை மச்சான் கல் என்பார்கள். தேன் எடுக்கிறவன் இறங்கிவிட்டால் அந்தக் கல்லில் இருப்பவனைத் தவிர வேறு யாரும் மரத்தைத் தாண்டக் கூடாது.

கல் காலியாக இருந்தது.

ஜடையன் விரதம் இருந்து, குளித்து, வெறும் காலோடு வந்தான். அம்மாவைக் கும்பிட்டான். காலிக் கல்லைக் கும்பிட்டான். நஞ்சுண்டனை அவன் பார்க்கவில்லை. முதுகில் தகர டப்பா, இடுப்பில் கத்தி, கையில் புகைகிற பச்சிலைக் கட்டு. விளிம்பில் உட்கார்ந்து, திரும்பி, இறங்கினான். கொடி முறுக்கேறி விறைத்தது.

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டிப் பார்க்கலாமா என்று இரண்டு பெண்களிடம் கேட்டுவிட்டார். கூடாது என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

புகை மேலே வந்தது. பின்னாலேயே இரைச்சல் வந்தது. மலைத்தேனீக்கள் அடையை விட்டுக் கிளம்பும் இரைச்சல். கேட்டால் நெஞ்சுக்கூடே அதிரும். சின்னப் பிள்ளைகளெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டு பருவம் தொடாத பாறை, எவ்வளவு தேன் இருக்குமோ என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள். அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"மேலே ஆரு?"

கிசுகிசுப்பு நின்றது.

அது பழக்கத்தில் வந்த குரல். அடைக்கு நேரே வந்ததும் கீழே இருப்பவன் அப்படிக் கேட்பான். மேலே இருப்பவன் தன் பேரைச் சொல்ல மாட்டான். யாருக்கு அண்ணன், யாருக்குத் தம்பி என்று அதைத்தான் சொல்வான். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் கீழே இருப்பவன் ஒரு கையை விட்டுக் கத்தியை எடுப்பான். இத்தனை வருஷமும் ஜடையன் அப்படித்தான் வெட்டியிருக்கிறான். இன்று மேலே ஆள் இல்லை என்பதை அவன் வாய் மறந்துவிட்டது.

எல்லாரும் காலிக் கல்லைப் பார்த்தார்கள்.

காற்று கிளம்பியது. ஏணி விளிம்பில் இடதுபக்கமாக நகர்ந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் நஞ்சுண்டன். அவர் கண் அங்கேயே இருந்தது. விளிம்பின் அந்தப் பக்கம் பாறை உடைந்து கூராக நிற்கும். கொடி அதன்மேல் ஏறி உட்கார்ந்து, காற்றுக்குக் காற்று அரைபட்டது. ஒரு நார் பிய்ந்து மேலே நின்றது. பிறகு இன்னொன்று.

ஜடையனின் தம்பி ரங்கனும் அதைப் பார்த்துவிட்டான். ஓர் அடி எடுத்து வைத்தான். ஊர்ப் பெரியவர் தடியைக் குறுக்கே நீட்டினார். தடி இல்லாவிட்டாலும் அவன் அங்கேயேதான் நின்றிருப்பான்.

"நான் தொட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா நாளைக்கு என்னை என்ன சொல்லுவாங்க" என்று அழுதான்.

வாத்தியார் அம்மாவிடம் குனிந்தார்.

"தாயே, கொடி தேயுது."

"ஆமா, தேயுது."

"யாராவது போகணும்."

"ஆமா, போகணும்."

"யாராவது..."

"யாராவதுன்னா யாரு, வாத்தியாரே?"

வாத்தியார் மசணியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அண்ணனை அவள் பார்க்கவே இல்லை. மரத்தடி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை.

நஞ்சுண்டன் ஓடினார். பையோடு ஓடினார். பெரியவர் தடியைத் தூக்குவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மரத்தைத் தாண்டி, கல்லில் ஒரு காலைக் கொக்கி போல மாட்டிக்கொண்டு, விளிம்பில் குப்புறப் படுத்துவிட்டார். கொடியின் அடியில் ஏதாவது கொடுக்க வேண்டும். வழக்கமாக இலைக்கட்டு வைப்பார்கள், இன்று யாரும் கட்டவில்லை. பையைக் கவிழ்த்தார். காவித்துணி விழுந்தது. அதை நாலாக மடித்தார். கீழே ஒரு ஆளின் பாரம் தொங்கும்போது கொடியை ஒரு விரல்கூடத் தூக்க முடியாது. கீழே இருப்பவன் காலைப் பாறையில் ஊன்றி, பாரத்தைக் குறைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

அவர் கை பட்டதில் கொடி அதிர்ந்தது. கீழே ஜடையன் பயந்துவிட்டான்.

"மேலே ஆரு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். இரண்டு பருவமாக அவர் சொல்லாத வார்த்தை அது. ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"மசணிக்கு அண்ணன்!"

தேனீக்கள் மட்டும் இரைந்தன. பிறகு அந்தப் பாதாளத்திலிருந்து பதில் வந்தது.

"அவளுக்குத்தான் அண்ணன் இல்லைன்னு சொல்லியாச்சே!"

உச்சியில் யாரோ ஒரு கிழவர் சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் சிரிக்கலாமா என்று பக்கத்தில் இருந்தவர் அவரை இடித்தார். நஞ்சுண்டனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இருக்கான்! இங்கதான் இருக்கான்! பேசாம காலைப் பாறையில ஊனிக் கொடியை லேசு பண்ணு!"

கொடி தளர்ந்தது. ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் அவர் வலது கையைக் கொடிக்கு அடியில் நுழைத்து, கூர்ப்பாறையிலிருந்து பெயர்த்து, துணியை உள்ளே திணித்தார். கையை எடுப்பதற்குள் பாரம் திரும்ப ஏறிவிட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர் கையை உருவிக்கொண்டு கல்லில் ஏறி உட்கார்ந்தார். கொடியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"மேலே ஆரு?"

இந்தத் தடவை ஜடையன் நிதானமாகக் கேட்டான்.

"மசணிக்கு அண்ணன்."

"ஆரு?"

"மசணிக்கு அண்ணன்டா!"

கத்தி அடையில் இறங்கும் சத்தம் கேட்டது.

ஒரு அடை போதும் என்று இறங்கியவன் கூடை கேட்டான். கூடைக்கு ஆள் ஓடினார்கள். சின்னக் கயிற்றில் நஞ்சுண்டன் கூடையை இறக்கினார், இழுத்தார், இறக்கினார். ரங்கன் மரத்துக்கு இந்தப்பக்கம் நின்று வாங்கி வாங்கி வைத்தான். குடங்கள் நிறைந்தன. வீடுகளிலிருந்து சட்டி பானையெல்லாம் வந்தது. அம்மா ஒவ்வொரு கூடைக்கும் கை தட்டினார். கன்னத்தில் ஒரு தேனீ கொட்டிவிட்டது, அதற்கும் சிரித்தார்.

முதல் கூடையில் வந்த அடையைப் பெரியவர் தேக்கிலையில் வைத்து, மரத்தைத் தாண்டாமல் நின்று கல்லை நோக்கி நீட்டினார். முதல் அடை மச்சானுக்கு. அவன் வாய் வைக்காமல் ஊரில் யாரும் வாய் வைக்க முடியாது.

வாத்தியார் இலையைப் பார்த்தபடி தயங்கினார். தீட்சை கேட்ட நாளிலேயே தேனை விட்டுவிடுவதாக அவர் விரதம் எடுத்திருந்தார்.

"வாத்தியாரே" என்று அம்மா அங்கிருந்து கூப்பிட்டார். "உங்க விரதம் முடியற வரைக்கும் நாங்க இங்கயே உக்காந்திருக்கணுமா? எனக்கு நாக்கு ஊறுது."

அவர் கடித்தார். தேன் தாடியில் வழிந்தது. கண்ணீரும் வழிந்தது. தேனீ கொட்டிவிட்டது போலிருக்கிறது என்று ரங்கன் பச்சிலை எடுத்துக்கொண்டு மரத்தடி வரைக்கும் வந்தான். அவரைத் தேனீ எதுவும் கொட்டியிருக்கவில்லை.

ஜடையன் ஏறி வந்தபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். கொடிக்கு அடியில் கிடந்த காவித்துணியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நஞ்சுண்டனைப் பார்த்தான்.

"குரல் கரகரன்னு ஆயிடுச்சே, மச்சா. தண்ணி கிண்ணி குடிக்கறதில்லையா?"

அவ்வளவுதான் கேட்டான். மசணி அதையும் கேட்கவில்லை. மரத்தைத் தாண்டி வந்து அண்ணனின் வலது கையைப் பிடித்து விரித்தாள். தோல் போன இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. விரலில் தேனைத் தொட்டு அதன்மேல் பூசினாள். எரிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பூசி முடித்த பிறகுதான் அவள் அழுதாள்.

மறுநாள் காலையில் அம்மா தேன் குடத்தோடு கிளம்பினார். இந்தத் தடவை குடம் வாத்தியாரின் தலையில். ஓடைத் திருப்பம் வரைக்கும் அவர் நிற்காமல் நடந்தார். அங்கே குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பையிலிருந்து காவித்துணியை எடுத்தார். மடிப்புகளெல்லாம் தேய்ந்து, நடுவில் ஓட்டையாகி, தேன் ஒட்டிப் பிசுபிசுத்தது.

"துணி போச்சு, தாயே."

"போச்சுதான்" என்றார் அம்மா. துணியை வாங்கி ஒரு மூலையை விரலால் வழித்து நக்கினார்.

வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எந்தக் கனெக்ஷனை இன்னும் அறுக்கணும்னு அன்னிக்குக் கேட்டேன். நீங்க பதில் சொல்லலை."

அம்மா துணியைத் தண்ணீரில் முக்கி அலசிக்கொண்டே சொன்னார்.

"எதை வேணும்னாலும் அறுங்க, வாத்தியாரே. கத்தியை வைக்கிறதுக்கு முன்னால, கீழே ஆராச்சும் தொங்குறாங்களான்னு ஒரு தடவை எட்டிப் பாத்துக்குங்க."